ஊர்வம்புக்கு ஒரு பட்டம்

கண்ணு, ஆந்த்ரோபாலஜி, அதான் மானிடவியல், படிக்கப் போறேன்னு நீ சொன்னதிலேர்ந்து உங்க பாட்டிக்குச் சிரிப்பு தாங்கல. "அடுத்த வீட்டுல யாரு யாரைக் கட்டினாங்க, எந்தச் சாமிக்கு இன்னா படைச்சாங்க, பூர்வீகச் சொத்தை யாரு அமுக்கினாங்கன்னு விசாரிக்கிறதுக்கு ஒரு படிப்பா? அப்படின்னா எனக்கு இந்நேரம் டாக்டர் பட்டம் குடுத்திருக்கணுமே"ன்றா. சும்மா சொல்லக் கூடாது, அவளுக்குத் தகுதி இருக்குது. தேசூர்ல எந்த மூலையில எவன் தும்மினாலும், தறிக்குத் தார் சுத்திக்கினே அது எந்த வீட்டுத் தும்மல்னு சொல்லிடுவா.

ஆனா ஒரு எடத்துல அவ ஃபெயிலு. வம்பு பேசறவங்க பொழுது சாயறதுக்குள்ள தீர்ப்பு சொல்லிடுவாங்க. நீ படிக்கப் போற படிப்புல ஒரு வருஷம் ஒரே ஊர்ல கெடந்து, அவங்க சாப்பிடுறத சாப்பிட்டு, கல்யாணத்துலயும் கருமாதியிலயும் கூட்டத்தோட கூட்டமா நின்னு, எல்லாத்தையும் நோட்டுல ஏத்தணும். அதுக்கப்புறமும் தீர்ப்பு சொல்லக் கூடாது. உங்க பாட்டிக்கு அந்தப் பொறுமை கெடையாது. உனக்கு இருக்குதான்னு உங்கம்மாவைக் கேட்டேன். பதில் சொல்லாம உள்ள போயிட்டா.

சிரிப்பு கெடக்கட்டும். பாட்டி வாயில ஓயாம வருதே முறை, சித்தப்பன் புள்ள தம்பி, அத்தை புள்ள மாப்பிள்ளைன்னு, அது அமெரிக்காவுல அச்சாகி நூத்தம்பது வருஷம் தாண்டிடுச்சு. நியூயார்க் மாகாணத்துல லூயிஸ் ஹென்றி மோர்கன்னு ஒரு வக்கீலு. அங்க செனகா பழங்குடி ஜனங்க அப்பாவோட அண்ணன் தம்பியையும் அப்பான்னே கூப்பிடறதைப் பாத்து ஆச்சரியப்பட்டுப் போயி, உலகம் பூரா இருந்த பாதிரிமாருக்குக் கேள்வித்தாள் அனுப்பினாரு. தமிழுக்குப் பதில் எழுதினது யாருன்ற? இதோ இங்க இருந்த ஆற்காடு மிஷன்ல ஊழியம் பாத்த ஸ்கடர் குடும்பத்து ஆளு. 1871-ல புத்தகம் வந்துச்சு. செனகா முறையும் நம்ம முறையும் அம்மாம்பெரிய கடலைத் தாண்டி ஒத்துப் போவுதேன்னு மோர்கனுக்குத் தலைகால் புரியல. அமெரிக்கப் பழங்குடிங்க ஆசியாவுலேர்ந்து போனவங்கதான், இதுவே சாட்சின்னு அடிச்சுச் சொல்லிட்டாரு. போனது நெசந்தான். ஆனா சாட்சி செல்லாது. முறை ஒண்ணா இருந்தா உறவுக்காரன்னு முடிவு கட்டுறது, பாவம், வக்கீலு பண்ணினாலும் உங்க பாட்டி பண்ணினாலும் ஒண்ணுதான்.

பின்னால தாமஸ் டிரௌட்மன்னு ஒருத்தரு 1981-ல திராவிட உறவுமுறையைப் பத்தியே ஒரு முழுப் புத்தகம் போட்டாரு. மாமன் பொண்ணைக் கட்டிக்கினு நாங்க சண்டை போட்டா அது குடும்பச் சண்டை. அதையே அவங்க கட்டம் போட்டு எழுதினா சித்தாந்தம்.

இதெல்லாம் இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்கிறியா? தறியில உக்காந்தா கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும்தான் வேலை. காது சும்மா கெடக்கும். அதை ரேடியோவுக்குக் குடுத்தேன். கண்ணு மங்கி நெசவு விட்டதுக்கப்புறம் லைப்ரரி பெஞ்சுக்குக் குடுத்தேன்.

அதே 1871-ல இன்னொண்ணும் நடந்துச்சு. வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். மொதல்ல வடக்க. 1911-ல அதைத் திருத்தி நம்ம மாகாணத்துக்கும் கொண்டாந்தான். பொறந்த சாதியை வச்சே ஆளைத் திருடன்னு எழுதுற சட்டம். ஒரு பக்கம் முறை என்னன்னு ஆசையா கேட்டு எழுதினவங்க, இன்னொரு பக்கம் ரேகை எடுத்து எழுதினவங்க. ரெண்டு பேரு நோட்டும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். நீ படிக்கப் போற படிப்புக்கு இந்தப் பங்காளியும் உண்டுன்றதை மறந்துடாத.

நம்ம மெட்ராஸ் மியூசியத்துலயே ஒருத்தரு இருந்தாரு, எட்கர் தர்ஸ்டன். 1885-லேர்ந்து 1908 வரைக்கும் அவருதான் அங்க தலை. 1909-ல ரங்காச்சாரியோட சேந்து தென்னிந்தியச் சாதிங்களையும் பழங்குடிங்களையும் பத்தி ஏழு தொகுதி போட்டாரு. போற எடத்துக்கெல்லாம் அளக்கிற கருவி போவும். மூக்கு அகலம் எவ்வளவு, மண்டை நீளம் எவ்வளவுன்னு அளந்து எழுதுவாரு. வயநாட்டுப் பக்கம் பணியர் பொண்ணுங்க அவரைப் பாத்ததும் ஓட்டம் புடிச்சாங்களாம். தங்கள்ல லட்சணமானவங்களாப் புடிச்சு, உள்ள பஞ்சு அடைச்சு மெட்ராஸ் மியூசியத்துல நிறுத்தி வைக்கப் போறாருன்னு பயம். துரை இதை ஒரு வேடிக்கையா தானே எழுதி வச்சிருக்காரு. எனக்கு என்னமோ அந்தப் பொண்ணுங்க பயந்தது தப்புன்னு தோணல. பஞ்சு அடைக்கல, ஏழு தொகுதிக்குள்ள அடைச்சாரு, அவ்வளவுதான்.

அதனால நீ நோட்டு எடுத்துக்கினு போற எடத்துல யாராச்சும் கதவைச் சாத்தினா கோச்சுக்காத. அவங்க பாட்டிக்குப் பாட்டி சொன்னது ஞாபகம் இருக்கும்.

அளக்கிற கூட்டத்தை விட்டு, கூட இருந்து பாக்கிற கூட்டம் பின்னால வந்துச்சு. அதுக்குப் பேரு போன ஆளு மாலினோவ்ஸ்கி. பசிபிக் கடல்ல ட்ரோப்ரியாண்ட் தீவுங்கள்ல, மொத உலகச் சண்டை நடந்த காலத்துல, ஊர் நடுவுல கூடாரம் அடிச்சுக் குந்திட்டாரு. அவங்க பாஷையைக் கத்துக்கினு, அவங்க கூடவே கெடந்து எழுதினாரு. உலகமே தலையில தூக்கி வச்சு ஆடுச்சு. அவரு செத்து கால் நூற்றாண்டு ஆனப்புறம், 1967-ல, அவரு எழுதின டைரியைப் பொண்டாட்டி அச்சுல விட்டாங்க. பாத்தா, அதே ஊரையும் அதே ஜனங்களையும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்காரு. புத்தகத்துல ஒரு முகம், டைரியில ஒரு முகம். உனக்கு அந்தக் கவலை வாணாம். உன் கையெழுத்தை எவனும் படிச்சுட முடியாது.

அவருகிட்ட லண்டன்ல படிச்ச ஜோமோ கென்யாட்டா தன் சொந்த ஜனமான கிக்குயு ஆளுங்களைப் பத்தி 1938-ல புத்தகம் போட்டாரு. அப்புறம் போயி கென்யாவுக்கே மொத ஜனாதிபதி ஆயிட்டாரு. லண்டன்ல அதே கல்லூரியில படிச்ச நம்மாளு ஒருத்தரு, ஏ. ஐயப்பன். கேரளத்துக்காரரு. தர்ஸ்டன் உக்காந்த அதே எழும்பூர் மியூசியம் நாற்காலியில வந்து உக்காந்தாரு. எதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணாருன்ற? தன் சொந்தச் சாதி ஈழவரைப் பத்தி. அளவுகோல் எடுத்துக்கினு வந்து யாரை நிக்க வச்சு அளப்பாங்களோ, அந்த வீட்டுப் புள்ளையே வந்து பேனா புடிச்சிருச்சு. கடைசியில கேரளா யுனிவர்சிட்டிக்குத் துணைவேந்தரும் ஆனாரு. உங்கப்பன் "இதைப் படிச்சா இன்னா ஆவலாம்"னு கேட்டா ஜனாதிபதியையும் துணைவேந்தரையும் சொல்லி வை. நடுவுல இருக்கிறதை அப்புறம் பேசிக்கலாம்.

மைசூர்ப் பக்கத்து எம்.என். ஸ்ரீநிவாஸ் கதை இன்னும் ஜோர். ராம்புராங்கிற ஊர்ல 1948-ல தங்கி எழுதின குறிப்பை வருஷக்கணக்கா ஒழுங்கு பண்ணி, மூணு பிரதி எடுத்து, புத்தகம் எழுத அமெரிக்கா எடுத்துக்கினு போனாரு. மூணையும் ஒரே எடத்துல வச்சாரு பாரு, அங்கதான் படிச்சவன் புத்தி. 1970 ஏப்ரல்ல ஸ்டான்ஃபோர்டுல அந்தக் கட்டடத்துக்கு எவனோ நெருப்பு வச்சுட்டான். மூணும் சாம்பல். மனுசன் அசந்து போயி, அப்புறம் ஞாபகத்துலேர்ந்தே எழுதினாரு. 1976-ல வந்த அந்தப் புத்தகத்தை இன்னைக்கும் காலேஜ்ல படிக்கிறாங்க. நம்ம தெருவுல இது ஒண்ணும் பெரிய அதிசயம் இல்ல. முதலாளி கடைக் கணக்கு நோட்டு எரிஞ்சாலும், நீ வாங்கின முன்பணம் அவருக்கு மனப்பாடம்.

முன்பணம்னு சொன்னதும் ஞாபகம் வருது. நீ என்னமோ அந்தமானுக்கும் நீலகிரிக்கும் போனாத்தான் ஆராய்ச்சின்னு நெனச்சுக்கினு இருக்க. நீலகிரியில தோடர்களைப் பத்தி ரிவர்ஸ்னு ஒரு டாக்டர் 1906-லயே முழுசா எழுதிட்டாரு. அவங்க குடியிருக்கிற மந்துக்குப் போன துரைங்களை எண்ணினா எருமையை விட அதிகம் வரும். நம்ம ஆரணியைப் பாரு. 1973-லேர்ந்து பார்பரா ஹாரிஸ்-ஒயிட்டுன்னு ஒரு அம்மா வந்துக்கினே இருந்தாங்க. அரிசி மண்டி, நெல்லு வியாபாரம், நகைக்கடை, பட்டு, யாரு யாருகிட்ட கடன் வாங்கறாங்க, யாரு குப்பை அள்ளுறாங்க, ஒண்ணு விடல. ஆக்ஸ்ஃபோர்டுல பேராசிரியரா இருந்தவங்க. நாப்பது வருஷத்துல ஆரணி எப்படி மாறுச்சுன்னு 2016-ல அவங்க தொகுத்த புத்தகம் வந்துச்சு. அதே 1973-லதான் ஜான் ஹாரிஸ்னு மானிடவியல் படிச்ச ஒருத்தரும் வந்து, ஆரணிக்குப் பக்கத்து கிராமம் ஒண்ணுல கெடந்து, பச்சைப் புரட்சி யாருக்குப் பச்சை காட்டுச்சுன்னு பாத்து, 1982-ல புத்தகம் எழுதினாரு. அடையாறுல இருக்குதே சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், அந்த ஆளுங்களும் இங்க பட்டுத் தறியைப் பத்தி எழுதியிருக்காங்க. தறியில கட்டிப் போட்டிருக்கிறது பாவை மட்டும் இல்ல, முன்பணம் வாங்கின நெசவாளியையும்தான்னு எல்லாருக்கும் தெரியும். அதை நோட்டுல ஏத்தறதுக்குக் கடல் தாண்டி ஆளு வர வேண்டியிருந்துச்சு. நம்ம தெருவுல பி.ஏ. படிச்சவன் எத்தினி பேரு இருந்தான் அப்போ? எல்லாம் கவர்மென்ட் வேலைக்கு மனு போட்டுக்கினு இருந்தாங்க.

வந்தவங்க எழுதினது தப்புன்னு சொல்ல வரல. நல்லாத்தான் எழுதினாங்க. ஆனா விருந்தாளிக்கு ஒரு எல்லை உண்டு. ஆந்திரே பெத்தேய் தஞ்சாவூருப் பக்கம் ஒரு ஊர்ல அக்ரகாரத்து வீட்டுல தங்கினாரு. சாதியும் நெலமும் அதிகாரமும் எப்படிப் பிரிஞ்சு நிக்குதுன்னு 1965-ல அவரு எழுதின புத்தகம் பேரு வாங்குச்சு. ஆனா தங்கின வீடே அவருக்கு வேலி. அங்க இருந்துக்கினு சேரிப் பக்கம் நெனச்சப்போ போயி உக்காந்து பேச முடியல. அதை அவரே மறைக்காம எழுதினாரு, பெரிய மனுசன். உனக்கு மட்டும் வேலி இல்லன்னு நெனைக்காத. நெசவுத் தெருப் பொண்ணுன்னு உன் நெத்தியிலயே எழுதியிருக்குது. நம்ம தெருவுல உனக்குக் காப்பி குடுப்பாங்க. காலனியில உன்னை நம்புவாங்களா? நம்பணும்னு எதுக்கு? இத்தினி வருஷமா அந்தப் பக்கம் நாம எட்டிப் பாத்தோமா? அங்க நீ வாயைத் தெறக்காம உக்காரவே முழுசா மூணு மாசம் வேணும்.

சரி, வெளியூரை விடு. உங்கப்பன் தறியையே ஒரு நாள் புதுசா பாக்கிற மாதிரி பாரு. குழியில கால விட்டுக்கினு அவன் உக்காந்திருக்கான். கோர்வைச் சேலை போட்டா கரைக்கு ஒரு நாடா, உடம்புக்கு ஒரு நாடா, மறு கரைக்கு ஒரு நாடா. மூணாவது நாடாவைத் தள்ள அவன் பக்கத்துல ஒரு ஆளு உக்காரணும். அது யாரு? ஒரு காலத்துல உங்க அத்தை, பள்ளிக்கூடம் போற வயசுல. அப்புறம் உங்கம்மா. தார் சுத்தறது உங்க பாட்டி. புதுப் பாவு வந்தா இழை இழையா பழைய பாவோட புணைக்கிறதுக்கு இன்னொரு கை. சேலை முடிஞ்சு மடிச்சு எடுத்துக்கினு போனா, முதலாளி நோட்டுல எத்தினி பேரு எழுதியிருக்குது? ஒரு பேரு. கூலியும் அந்த ஒரு பேருக்குத்தான். நெசவாளர் சங்கத்துப் புத்தகத்தைப் பெரட்டினாலும் பெரும்பாலும் அப்படித்தான். வெளியூர்லேர்ந்து வந்து ஒரு நாள் எண்ணிட்டுப் போறவன் "நெசவாளி ஒருவர்"னு எழுதிக்கினு போயிடுவான். கூடக் கெடந்து பாத்தவன்தான் நாலுன்னு எழுதுவான். காஞ்சிபுரத்துச் சங்கங்களைப் பத்தி ஆர்ட்டர்பர்ன்னு ஒரு அம்மா 1982-லயே எழுதினாங்க. ஆர்த்தி கவ்ரா 2018-ல அங்க இருக்கிற பத்மசாலியர்களைப் பத்தி எழுதினாங்க. பத்தமடைப் பாய் நெய்யிற முஸ்லிம் ஜனங்க கூட இருந்து சௌம்யா வெங்கடேசன் எழுதினாங்க. தேசூர் பாக்கி இருக்குது. விடிகாலையில செய்யாறு சிப்காட்டுச் செருப்புக் கம்பெனி பஸ்ஸுல ஏறிப் போவுதுங்களே நம்ம பொண்ணுங்க, தார் சுத்த மாட்டேன்னு அதுங்க ஏன் சொல்லுச்சுங்க, அங்க ஷூ தைக்கிறப்போ இங்க இல்லாத எது கெடைக்குதுன்னு எவனாச்சும் கேட்டானா? கம்பெனிக்காரன் கேக்க மாட்டான். உங்கப்பன் கேக்கவே மாட்டான். கேட்டா பதில் வந்துடும்னு பயம்.

இப்போ சோத்துக்கு வழி. நீ கேக்கலன்னாலும் நான் சொல்லணும், ஏன்னா கல்யாண வீட்டுல என்னைத்தான் கேப்பாங்க.

மானிடவியல் படிச்ச ஆளுக்கு நம்ம ஜில்லாவுலயே ஒரு நெருப்பு வேலை இருக்குது. சாதிச் சான்றிதழ். பழங்குடின்னு சான்றிதழ் வேணும்னா கோட்டாட்சியர் குடுக்கணும். ஏரிக்கரையில குடிசை போட்டுக்கினு எலி புடிச்ச இருளர் வீட்டுப் புள்ள, எட்டாவது படிச்சுட்டு அந்தக் காகிதம் இல்லாம நின்னுச்சே, எத்தினி பாத்திருக்கோம். ஜவ்வாது மலையில மலையாளி, இந்தப் பக்கம் குருமன்ஸ், காட்டுநாயக்கன், கொண்டாரெட்டின்னு ஒவ்வொரு பேருக்கும் ஒரு வழக்கு. சந்தேகம்னு வந்தா மாநில அளவுல ஒரு குழு விசாரிக்கும். 1994-ல மாதுரி பாட்டீல் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னதுக்கப்புறம் வந்த ஏற்பாடு. அந்தக் குழுவுல ஒரு நாற்காலி மானிடவியல் படிச்சவருக்கு. உங்க குலசாமி யாரு, தாலி எப்படிக் கட்டுவீங்க, செத்தா பொதைப்பீங்களா எரிப்பீங்களான்னு கேப்பாங்க. நெசமான ஜனத்தோட சலுகையைப் போலி ஆளு பறிச்சுக்கினு போவாம காக்கிறதுக்கு அது வேணும்தான். ஆனா பேன்ட்டு போட்டு டவுன்ல படிச்ச புள்ளைக்குத் தாத்தன் பாட்டு ஞாபகம் இருக்குமா? உன்னையே கேக்கிறேன், பாவு தோய்க்கிறப்போ கஞ்சியில என்னென்ன கலப்பாங்க, சொல்லு பாப்போம். தெரியாது. அதுக்காக நீ நெசவாளி வீட்டுப் பொண்ணு இல்லன்னு எழுதிடலாமா? இப்படிப் பரீட்சை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்கன்னு உச்ச நீதிமன்றமே 2011-ல சொல்லுச்சு, 2023-ல திரும்பவும் சொல்லுச்சு. அந்த நாற்காலியில உக்காந்தா தர்ஸ்டன் உள்ள பூந்துக்காம பாத்துக்கணும். மூக்கை அளக்கிறதை விட்டுட்டுச் சாமியை அளக்கிறதுன்னு ஆயிடும். நரிக்குறவரும் குருவிக்காரரும் பழங்குடிப் பட்டியல்ல ஏற எத்தினி வருஷம் நடந்தாங்க. 2023-லதான் ஏறினாங்க. பட்டியல்ல ஒரு பேரு ஏறணும்னா, இந்தப் படிப்பு படிச்சவங்க எழுதற அறிக்கை ஒண்ணு அதுல கட்டாயம் கெடக்கும்.

மத்தது சுருக்கா சொல்லிடறேன். இந்திய மானிடவியல் ஆய்வகம்னு ஒண்ணு 1945-லேர்ந்து இருக்குது. தலைமை கொல்கத்தாவுல, தெற்குக் கிளை மைசூர்ல. 1985-ல தொடங்கி நாடு பூரா நாலாயிரத்து அறுநூத்துக்கு மேல சமூகங்களைப் பத்தி எழுதினாங்களே, அவங்கதான். வேலை இருக்குது, விளம்பரம் வர்றதுக்குள்ள உனக்கு நரை வந்துடும். மியூசியம் இருக்குது. ஊட்டியில பழங்குடி ஆய்வு மையம் இருக்குது. தொண்டு நிறுவனம் எக்கச்சக்கம். சம்பளத்தைத் தவிர மத்ததெல்லாம் தாராளமா குடுப்பாங்க.

வெளிநாட்டுல இந்தப் படிப்பு போன போக்கே வேற. கம்ப்யூட்டர் சில்லு செய்யிற இன்டெல் கம்பெனி 1998-ல ஜெனிவீவ் பெல்லுன்னு மானிடவியல் படிச்ச ஆஸ்திரேலியப் பொண்ணை வேலைக்கு எடுத்துச்சு, ஜனங்க வீட்டுல மிஷினை எப்படிப் பொழங்கறாங்கன்னு போயி பாத்துச் சொல்றதுக்கு. மேற்கு ஆப்பிரிக்காவுல 2014-ல எபோலா வந்தப்போ, செத்தவங்களைக் குளிப்பாட்டி அடக்கம் பண்றதை ஜனங்க விட மாட்டேன்னாங்க. டாக்டர் சொல்லிக் கேக்காதவங்க கிட்ட, சடங்கையும் விடாம நோயும் பரவாம எப்படிப் பொதைக்கலாம்னு பேசறதுக்கு இந்தப் படிப்புக்காரங்கதான் போனாங்க. உலக வங்கிக்குத் தலைவரா இருந்த ஜிம் யோங் கிம் டாக்டருக்கும் படிச்சவரு, இதுக்கும் படிச்சவரு. ஜில்லியன் டெட் தஜிகிஸ்தான் கிராமத்துக் கல்யாணத்தை ஆராய்ச்சி பண்ணிட்டு, லண்டன் பத்திரிகையில பேங்குக்காரங்களைப் பத்தி எழுதப் போனாங்க. பேங்குக்காரனும் ஒரு பழங்குடிதானே, அவனுக்கும் சடங்கு உண்டு. அமிதாவ் கோஷ் எகிப்து கிராமத்துல ஆராய்ச்சி பண்ணிட்டு நாவல் எழுதினாரு. யாழ்ப்பாணத் தமிழரு ஸ்டான்லி தம்பையா ஹார்வர்டுல பேராசிரியரா இருந்தாரு. இங்கிலாந்து ராஜா சார்லஸும் கேம்பிரிட்ஜுல மொதல்ல இதைத்தான் எடுத்தாரு. அவருக்கு அம்மா வழி வேலை காத்துக்கினு இருந்துச்சு, அந்தக் கணக்கை நீ போடாத.

எனக்குப் புடிச்ச ஆளு வேற. ஆன் டன்னம். ஜாவாவுல கொல்லுப் பட்டறைக்காரங்க எப்படிப் பொழைக்கிறாங்கன்னு வருஷக்கணக்கா பாத்து, 1992-ல ஆராய்ச்சியை முடிச்சாங்க. சும்மா எழுதிட்டு ஓடிடல. சின்னத் தொழில்காரனுக்கு எப்படிக் கடன் குடுத்தா தாங்குவான்னு அங்க பேங்குக்கு யோசனை சொல்ற வேலையும் பாத்தாங்க. தொழிலாளி பட்டறைக்குப் பக்கத்துல உக்காந்து, அவன் செலவு கணக்கைக் கேட்டு எழுதின பொம்பளை. பையன் பேரு ஒபாமா.

ஆனா ஒண்ணு கவனிச்சியா? நான் சொன்னதுல நல்லா பொழைச்சவங்க பல பேரு இதை மட்டும் தெரிஞ்சவங்க இல்ல. ஒருத்தருக்கு வைத்தியம், ஒருத்தருக்குக் கடன் கணக்கு, ஒருத்தருக்கு எழுத்து. உனக்கும் கூட ஒண்ணு வேணும். சட்டம் படி, இல்ல புள்ளிவிவரம் கத்துக்கோ. எதுவும் வரலன்னா பாஷையாச்சும் கத்துக்கோ. இருளர் பேசற பேச்சு நம்ம ஏரிக்கரையிலயே இருக்குது, அதுக்கு ஃபீஸு கெடையாது.

எங்க படிக்கிறதுன்னு கேட்ட. சேப்பாக்கத்துல சென்னைப் பல்கலைக்கழகத்துல துறை இருக்குது, எம்.ஏ. படிக்கலாம். பாண்டிச்சேரி, ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்கள்ல இருக்குது, அதுக்குப் பொது நுழைவுத் தேர்வு எழுதணும். திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துலயும் உண்டு. சாமி கும்பிடப் போற மாதிரி போயிட்டு வரலாம், உங்கம்மா கூட சந்தோஷமா வருவா. வீட்டை விட்டு அனுப்ப மாட்டேன்னு உங்கப்பன் முறுக்கினா, இக்னோவுல அஞ்சல் வழியே பட்டப் படிப்பும் இருக்குது, மேல்படிப்பும் இருக்குது. பாடத்துல எலும்பு, ரத்தம், குரங்கு எல்லாம் வரும், வெறும் ஊர்க்கதைன்னு நெனச்சுக்கினு போயி முழிக்காத. சேர்றதுக்கு முன்னாடி பக்தவத்சல பாரதி எழுதின 'பண்பாட்டு மானிடவியல்' புத்தகத்தைப் படி. தமிழ்லயே இருக்குது. அதைப் படிச்சுத் தூக்கம் வந்தா, செருப்புக் கம்பெனி பஸ்ஸு காலையில வரும்.

உங்கப்பன் கிட்ட விஷயத்தை எப்படி ஆரம்பிக்கிறதுன்னும் சொல்லிடறேன். பழங்குடி, மூக்கு, முறை எதுவும் பேசாத. கலெக்டர் பரீட்சையில இது விருப்பப் பாடம்னு சொல்லு. ரெண்டு தாளு, ஐந்நூறு மார்க்கு. 2017 பரீட்சையில நாட்டுக்கே முதலா வந்த அனுதீப் துரிஷெட்டி இன்ஜினியரிங் படிச்சவரு, ஆனா அங்க எடுத்தது மானிடவியல்னு சொல்லு. இன்ஜினியரிங்னு காதுல விழுந்ததும் அவன் பாதி மசிஞ்சுடுவான். கலெக்டர்னதும் மீதியும். அப்பவும் மொறைச்சான்னா, பாட்டியை விட்டு அழச் சொல்லு, அதுக்கு நான் பேசி வச்சிருக்கேன்.

என் பேரை மட்டும் இழுத்துடாத. போன வாரம் அவன் வந்து கேட்டப்போ, "பொண்ணுக்கு பி.காம்தான்டா லட்சணம், இவ சொல்றதெல்லாம் சோறு போடாது"ன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்.